கெக்கில் ஏறாத பீர்

மாப்பிள்ளை,

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னாடியே சொன்னேன். கீழ்க்கட்டளையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். பீர் இறக்குகிற டியூப் நுனியில் விரிசல் விட்டிருக்கிறது, வெட்டினால் குட்டையாகும், குட்டையானால் நுரை பொங்கும் என்று சொன்னவன் நான். வெட்டினவனும் நான்தான், அது வேறு விஷயம். இப்போது உன் மாடி பாத்ரூமில் முழங்கால் வரை நுரையில் உட்கார்ந்திருக்கிறேன். சரி, கணுக்கால் வரை. புளித்த ரொட்டி மாதிரி ஒரு வாசனை. உன் சட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்குமே, அதே வாசனை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் நீ காய்ச்சி மூடிவைத்த பக்கெட் இது. இருபது லிட்டர். நீ திரும்பி வரவில்லை, பக்கெட் மட்டும் மூலையில் இருந்தது. மாடியை உன் பெண்டாட்டி வாடகைக்கு விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள். அதற்குள் இதைக் கெக்கில், நம் பீர் பீப்பாயில், ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் சாக்கடைதான். உன் கையால் செய்தது இனி ஒரு சொட்டு கிடைக்குமா?

பல்லாவரம் சந்தையில் அந்தக் கெக்கை வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மனிக் கப்பலில் வந்த எவர்சில்வர் பீப்பாய் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் பாத்திரம் வெல்டிங் செய்கிற நீ, ஒரு தட்டு தட்டிப் பார்த்துச் சிரித்தாய். "நம்ம பக்கத்து ஷெட்ல அடிச்சது மச்சான் இது. கப்பலாம் கப்பல்." முதல் தடவை நிரப்பினபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "டியூப் அடியத் தொடணும். மேலேருந்து ஊத்துனா அது டீ மாஸ்டர் வேலை." எதிர் வீட்டு சார் வாசனை பிடித்துக்கொண்டு வந்தபோது, மாடித் தோட்டத்துக்குப் பஞ்சகவ்யம் என்று சமாளித்தவன் நான். மறுநாள் அவர் காலி பாட்டிலோடு வந்து நின்றார். அவருடைய மல்லிகை இன்றைக்கு இரண்டாவது மாடியைத் தாண்டி நிற்கிறது.

அன்றைக்கு உனக்குச் சத்தமில்லாமல் ஏறினது, இன்றைக்கு எனக்கு ஏறவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டேன். பீர் மேலிருந்து விழுகிறது, நுரையாகி வாய் வழியாகத் திரும்பி வருகிறது. கெக்கை உதைத்தேன். கால்தான் வலிக்கிறது. உன் பெண்டாட்டி துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"எவ்ளோண்ணா ஏறிச்சு?"

"முக்கால்."

அவள் குனிந்து கெக்கைத் தட்டினாள். "காலி டிரம் மாதிரி சத்தம் வருது. முக்காலாம்."

"நுரை அடங்கட்டும், அப்புறம் பாரு."

நான்கு நாள் முன்னால் வரைக்கும் "கொட்டித் தொலைண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது துடைப்பத்தைச் சாத்திவிட்டு டியூபைத் தானே வாங்கிப் பிடித்தாள். கெக்கைச் சாய்த்து, பக்கவாட்டில் படுகிற மாதிரி விட்டாள். கொஞ்சம் இறங்கிற்று. எனக்குக் கோபமாக வந்தது. நான் ஏன் அதை யோசிக்கவில்லை?

டியூபையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கடைசியா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டாரு. அதக்கூட நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனேண்ணா."

அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கண்ணைத் திறந்து ஏதோ சொன்னாய். கேக் என்று அவள் காதில் விழுந்தது. எதிரே இருந்த பேக்கரிக்கு ஓடினாள், வாங்கி வந்து ஊட்டினாள், நீ பாதி தின்றாய். மறுநாள் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் பக்கெட்டைத் தூக்கப் போனபோது நான் குறுக்கே நின்றேன். "அவன் கேட்டது கேக் இல்லம்மா, கெக். இதை ரொப்பச் சொன்னான். எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது" என்றேன். அவள் அப்படியே பக்கெட்டை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேக் துண்டை நினைத்து அழுகிறாள்.

மாப்பிள்ளை, நீ கேட்டது கேக்தான். அவள் கதவைத் தாண்டினதும் என்னைப் பார்த்து, "பழம் போட்டதா வாங்கச் சொல்லு" என்றுகூடச் சொன்னாய். கெக் கதையை நான்தான் கட்டினேன்.