அஃபீபாவின் நாற்காலிக்குப் பின்னால்

பாரமரிபோ,
11 ஏப்ரல் 1994

அன்புள்ள ஈவான் அண்ணனுக்கு,

நலம்தானே? போன வாரம் தொலைபேசியில் நாம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் எனக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை. அதற்கு முன் நம் முன்னோருக்குப் பந்தி வைத்துவிட வேண்டும். ஜூன் 25, சனிக்கிழமை என்று குறித்தாயிற்று. மேஜையில் வாழையிலை விரித்து, நிலக்கடலைச் சூப்பும் உப்பில்லாச் சோறும் படைத்ததும், வீட்டின் மூத்த பிள்ளைதான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அது நீதான்.

சடங்கு நடத்தும் வில்லம் மாமா பெயர்களைக் கேட்டார். கப்பலில் அடிமையாக வந்த அஃபீபா, சீனக் கடைக்காரர் அசூன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அஃபீபாவை விலைக்கு வாங்கி, அவளிடம் பிள்ளையும் பெற்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஃபெல்டரை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"கூப்பிடாம விட்டவந்தான் வாசல்ல நின்னுக்கிட்டு தொந்தரவு பண்ணுவான்" என்றார்.

டிக்கெட் எடுத்ததும் எழுது.

உன் முரியல்

ரோட்டர்டாம்,
27 ஏப்ரல் 1994

அன்புத் தங்கைக்கு,

மாத்திரையை நேரத்துக்குப் போடு, மாடிப்படி ஏறாதே.

ஹேக் ஆவணக் காப்பகத்தில் ஃபெல்டரின் தோட்டப் பதிவேட்டைப் பார்த்தேன். மே, 1831. அஃபீபா, வயது பத்தொன்பது, சொல் கேளாமைக்காக ஐம்பது கசையடி. இரண்டு பக்கம் தள்ளி, அதே கையெழுத்தில், அவளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி. இரண்டையும் அவன் ஒரே மையில் எழுதியிருக்கிறான்.

இவனுக்கா நான் இலை போட வேண்டும்? வாய் நிறையக் கூப்பிட வேண்டுமா? அவன் உட்காரும் மேஜையில் நான் உட்கார மாட்டேன். பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு எழுது, அன்றைக்கே டிக்கெட் எடுக்கிறேன்.

ஈவான்

பாரமரிபோ,
9 மே 1994

அண்ணனுக்கு,

அடிக்கவில்லை.

உன் கோபம் ஃபெல்டர் மேல் மட்டும்தானா? பள்ளிக்கூடத்தில் "பூனக்கண்ணா, ஒங்க அப்பன் எந்தக் கப்பல்ல வந்தான்?" என்று கேட்டவனின் பல்லை உடைத்துவிட்டு வந்தாயே. அன்றிலிருந்து நீ கண்ணாடி பார்ப்பதில்லை. இன்றும் கையால் தடவிப் பார்த்துத்தானே சவரம் செய்கிறாய்? அந்தக் கண் உன் முகத்தில் இருக்கும்வரை, அவனைப் பட்டியலில் அடித்து என்ன பயன்?

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நெஞ்சைப் பிளப்பார்களாம். ஐம்பது அடியையும் தாங்கி எழுந்தவளின் தெம்பு எனக்கு வேண்டும். அவளை மட்டும் தனியாகப் பிய்த்துக் கூப்பிட என்னால் முடியாது. அவளுக்கு நடந்ததெல்லாம் அவளோடுதான் வரும்.

நீ வராவிட்டால் பந்தி இல்லை. வெறுமனே போய்ப் படுத்துக்கொள்வேன். பிழைத்து வந்தால் உன்னோடு பேசுவேனா என்று தெரியவில்லை.

முரியல்

ரோட்டர்டாம்,
31 மே 1994

என் அன்பு முரியலுக்கு,

உன் கடிதம் வந்ததும் கிழித்துப் போட்டேன். மறுநாள் பொறுக்கி ஒட்டினேன். எவ்வளவு வாய் உனக்கு!

மறுபடியும் ஹேக் போனேன். அந்தப் பதிவேட்டில் குழந்தையின் அடையாளங்களையும் எழுதியிருக்கிறான். கண்: சாம்பல் நிறம். முரியல், முதுகில் தழும்போடு, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பால் கொடுத்திருக்கிறாள். குழந்தையை அவள் தள்ளிவிடவில்லை. நான் ஐம்பது வருடமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று காலை கண்ணாடி முன் நின்று சவரம் செய்தேன். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு.

ஜூன் 23 விமானத்தில் வருகிறேன். அவன் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஆனால் அவனுக்கு இலையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அஃபீபாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கட்டும். அவள் போதும் என்று சொல்லும்வரை பரிமாறட்டும்.

செத்தவன் எப்படிப் பரிமாறுவான் என்று வில்லம் மாமா கேட்பார். அவன் கண்ணோடு ஒருத்தன் ரோட்டர்டாமிலிருந்து வருகிறான், கரண்டியை அவனிடம் கொடுங்கள் என்று சொல்.

உன் அண்ணன்,
ஈவான்