மயில்கண் வேட்டி கட்டிய கொம்பன்

குற்றாலம்
28-6-1937

அன்புள்ள நாறும்பூவுக்கு,

நீ தென்காசியில் ரயில் ஏறிய மறுநாளே சாரல் பிடித்துக்கொண்டது. நீ இங்கே இருந்த மூன்று நாளும் வெயில் கொளுத்தியதற்கும் உன் ஜாதகத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நீ வேலை பார்க்கும் வனவிலங்கு ரட்சணை சங்கம் ஆராயலாம்.

என் சீசன் வீடு நாலிலும் ஆள் வந்தாயிற்று. மதுரை வக்கீலின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு பறித்துக்கொண்டு, இரண்டு பழம் கொடுத்த பிறகே கீழே போட்டது. "நாம வாங்குத பீஸுக்கு இது எவ்வளவோ நியாயம்" என்றார் வக்கீல். இதை எழுத, மிருகக் கணக்குக்கு நீ அனுப்பும் அச்சுப் பாரத்தில் இடம் இல்லை. மிருகம், எண்ணிக்கை என்று இரண்டே கட்டம். 'குறிப்பு' என்றிருந்த கட்டத்தை எடுத்துவிட்டாயே, பாவி. எஸ்டேட் மானேஜர் கரடிக்குப் பயந்து மரம் ஏறினார், கரடி அதற்கு முன்பே அந்த மரத்தில் இருந்தது என்று போன வருஷம் எழுதியது குற்றமா? அந்த மானேஜர் உங்கள் பிரசிடெண்ட் துரையின் சிநேகிதர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் ஊரும் சேர்த்து ஏழு ஊர்ப் பாரங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு துக்கச் செய்தி. ஈரமாக இருக்கிறது என்று கொல்லையில் விட்டுப்போனாயே மயில்கண் வேட்டி, அதைக் காணோம். துணிக்கொடி கட்டிய கம்பு சாய்ந்து கிடக்கிறது. பலாமரத்தடியில் அண்டா அகலத்துக்கு யானையின் கால்தடம். திருடன் பழத்துக்கு வந்தவன், வேட்டியையும் எடுத்துப் போயிருக்கிறான்.

உன்,
வல்லிநாயகம்


பாளையங்கோட்டை
12-7-1937

அன்புள்ள வல்லிக்கு,

வேட்டிச் செய்தியை நீ கடிதத்தில் எழுதியிருக்கக் கூடாது. ஆவுடைதான் உறையைப் பிரித்தாள். அவள் அப்பா தலைதீபாவளிக்கு எடுத்துத் தந்த வேட்டி அது. "ஆனை கொண்டு போச்சுன்னு எழுதச் சொல்லி ரெண்டு பேரும் பேசி வச்சிட்டு வந்தியளாக்கும். ஆனைக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போகணுமாம்?" என்கிறாள். பத்து நாளாக ரசத்தில் உப்பில்லை.

மற்றபடி நல்ல காலம். உன் பாரங்களையெல்லாம் கூட்டி நாலு வர்ண மையில் ஓர் அட்டவணை போட்டேன். மலையில் எது எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்? தனிக்கொம்பன் யானை ஊருக்கு ஒன்றாக ஏழு. பிரசிடெண்ட் துரை என் தோளில் தட்டினார். கமிட்டி அட்டவணையை ஏற்றதும் என்னை உதவிக் காரியதரிசி ஆக்கப்போகிறார்கள். தனி அறை, மணி அடித்தால் பியூன்.

இன்னொன்று. கொம்பன் ஐந்துக்கு மேல் இருந்தால் ஒன்றைச் சுடச் சங்கம் சிபாரிசு செய்யலாம் என்று விதி. துரையின் மைத்துனர் செப்டம்பரில் சீமையிலிருந்து வருகிறார்; துப்பாக்கியும் கூட வருகிறது. ஏழில் ஒன்று போனால் ஆறு இருக்கிறதே.

உன்,
நாறும்பூநாதன்


குற்றாலம்
30-7-1937

அன்புள்ள நாறும்பூவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நமக்குப் பாரம் அனுப்பும் வாசுதேவநல்லூர் மந்திரமூர்த்தி அருவியில் குளிக்க வந்திருந்தான். தலை துவட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, எங்க ஊர் கொம்பன் இந்த மாசம் வேட்டி கட்டிட்டுல்லா வந்துச்சி" என்றான்.

"இடுப்புலயாலே?"

"கொம்புல. இடது கொம்பு முறிஞ்சு பொளந்து கெடக்குல்லா, அந்தப் பொளவுல மாட்டியிருக்கு. நல்ல மயில்கண்ணு கரை. வயசான மாப்பிள்ள கணக்கா இருந்துச்சி."

"அத ஏன் பாரத்துல எழுதல?"

"எங்கன எழுத? எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு. வேட்டியையும் சேத்து ரெண்டுன்னு போடவா?"

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மற்ற ஊர்களுக்கும் கார்டு போட்டு, உங்கள் கொம்பன் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எல்லாப் பதிலிலும் என் ஊருக்கு வருகிற அதே யானை: இடது கொம்பு முறிந்து பிளந்தது, வலது காதில் கிழிசல். ஒவ்வொரு ஊரும் அதை 'எங்க ஊர் கொம்பன்' என்று சொந்தம் கொண்டாடுகிறது. அது மலையடிவாரத்தில் தெற்கும் வடக்குமாக நடக்கிறது. போகிற இடமெல்லாம் நாம் ஒன்று என்று எழுதிக் கூட்டியிருக்கிறோம்.

நாறும்பூ, உன் ஏழும் ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் மைத்துனர் சுடப்போகிறார்.

உன்,
வல்லி


பாளையங்கோட்டை
4-8-1937

கனம் வல்லிநாயகம் பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இடது கொம்பு முறிந்த யானைகள் ஏழு இருக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. மயில்கண் வேட்டியைத் தென்காசிக் கடைகளில் யாரும் வாங்கலாம். எந்த யானையும் எடுக்கலாம். தாங்கள் சிரிப்புக்காக எதையும் சொல்லக்கூடியவர் என்பதைச் சங்கம் நன்கு அறியும்.

அட்டவணை இருநூறு பிரதி அச்சாகிவிட்டது. கமிட்டி 21ஆம் தேதி கூடுகிறது. இது பற்றி மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மு. நாறும்பூநாத பிள்ளை

ஆவுடை கேட்கச் சொன்னாள்: பலாக்கொட்டை இருந்தால் கொஞ்சம் அனுப்பவும்.


குற்றாலம்
16-8-1937

நாறும்பூ,

சிவகிரியில் நமக்குப் பாரம் எழுதும் முத்துராமலிங்கம் அனுப்பிய பார்சலை அப்படியே உனக்குத் திருப்பியிருக்கிறேன். அவன் ஊர்ப் புளியமரத்தில் கொம்பன் முகத்தைத் தேய்த்துவிட்டுப் போனபோது மரத்தில் தங்கிய துணி இது. ஒரு மூலையைப் பார். ஒரு வட்டம், உள்ளே இரண்டு புள்ளி. உங்கள் வண்ணான் போடும் குறி.

இது என் வீட்டுக் கொடியில் இருந்தது. வாசுதேவநல்லூரில் கொம்பில் இருந்தது. சிவகிரியில் மரத்துக்கு வந்தது. மூன்று ஊரில் மூன்று கொம்பன் என்கிறது உன் அட்டவணை.

நான் இதில் வேடிக்கையாக ஒன்றும் எழுதவில்லை என்பதைக் கவனி. துணியை நீ அடுப்பில் போட்டாலும் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அந்த ஒன்றைச் சுட்டால் உன் தாளில் ஆறு மிஞ்சும். மலையில் ஒன்றும் மிஞ்சாது.

பலாக்கொட்டை தனிப் பொட்டலத்தில்.

வல்லி


பாளையங்கோட்டை
23-8-1937

ஏலே வல்லி,

பார்சலையும் ஆவுடைதான் பிரித்தாள். குறியைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பம் நீங்க சொன்னது நெசந்தானா?" என்றாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன உண்மை ஒன்று ருசுவானது இதுவே முதல் தடவை. அட்டவணை, பதவி, மைத்துனர் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். "தனி அறையில உக்காந்து என்ன செய்யப்போறிய? அங்கயும் இந்த மூஞ்சியோடதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கையில் கொடுத்தாள்.

கமிட்டியில் எழுந்தேன். கிழிசலை மேஜைமேல் விரித்து, ஏழும் ஒன்று என்றேன். இது உம்முடைய வேட்டிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார் துரை. வேறு வழியில்லை. கட்டியிருந்த வேட்டியின் மூலையைத் தூக்கி அதே வட்டம், அதே புள்ளியைக் காட்டினேன். கமிட்டியில் இருந்த துரைசானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது.

அட்டவணையில் ஏழை அடித்து ஒன்று என்று எழுதினேன். மைத்துனர் பாவம், ஒன்றைத்தான் கேட்டார். நான் ஒரே கோட்டில் ஆறைத் தீர்த்துவிட்டேன். சிபாரிசு கிடையாது என்று முடிவாயிற்று. துரை என்னோடு பேசவில்லை. உதவிக் காரியதரிசி பதவி கிடையாது என்பதும் பேசாமலே முடிவாயிற்று. பியூன் இப்போது நான் அழைத்தால் வருவதில்லை; முன்பும் வந்ததில்லை.

அச்சான இருநூறு பிரதியின் பின்பக்கத்தில் புதுப் பாரம் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலையாவது என் கையில் இருக்கிறது. பாதிப் பக்கத்தை 'குறிப்பு' என்று விட்டிருக்கிறேன். எஸ்டேட் மானேஜர்களை மட்டும் விட்டுவிடு.

ரசத்தில் உப்பு வந்துவிட்டது.

உன்,
நாறும்பூ


குற்றாலம்
11-9-1937

அன்புள்ள நாறும்பூவுக்கு,

புதுப் பாரத்தை நிரப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் திருப்பினால் உன் நாலு வர்ணம் கறுப்பு மையில் தெரிகிறது; வருத்தமாகத்தான் இருக்கிறது. மற்றபடி தனியாக எழுதச் செய்தி ஒன்றும் இல்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதியதை இங்கேயும் பெயர்த்திருக்கிறேன்.

மிருகம்: தனிக்கொம்பன்.

எண்ணிக்கை: ஒன்று.

குறிப்பு: இடது கொம்பு பிளந்தது, வலது காது கிழிந்தது, பழைய ஆள்தான். நேற்று விடியலில் வந்தது. கொடியில் என் வேட்டி நாலு காய்ந்துகொண்டிருந்தது, நாலும் கரையில்லாதது. ஒவ்வொன்றாகத் தும்பிக்கையால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டது. பலாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு வடக்கே நடந்தது. ஆவுடையிடம் கேட்டு அந்த மயில்கண் கிழிசலை அனுப்பிவை. கொடியில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
வல்லி