ஓட்டுகிறவர் கையில் பாட்டு

மார்ச் 3

பல் டாக்டர் வீட்டுக்குக் கர்ட்டன் மாட்டப் போனோம். கரும்பச்சைத் துணி, மூன்று மடிப்பு, எட்டு ஜன்னல். தைத்தது நான், மாட்டியது என் வீட்டுக்காரர். வழியெல்லாம் வழக்கம்போல் தத்துவப் பாட்டு. அவருடைய வண்டிப் பாட்டுகளில் முக்கால்வாசி சாவு, மீதி நன்றிகெட்ட சொந்தக்காரர்கள். யாரோ ஒருவர் உருகி உருகி, கடைசியில் எல்லாருக்கும் ஆறடி மண்தான் என்று நிரூபித்துக்கொண்டிருப்பார். நாங்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டுக்குப் பூப்போட்ட கர்ட்டன் எடுத்துக்கொண்டு போவோம்.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கேட்டையே இடித்துவிட்டார். இறங்கிப் பார்த்துவிட்டு, "கேட் கொஞ்சம் தள்ளி வந்திருக்கு" என்றார்.

வீடு கட்டிய நாளிலிருந்து நகராத கேட்.

மார்ச் 7

கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நேரே இருப்பது தெரிகிறதாம், பக்கவாட்டில் வருவது தெரியவில்லையாம். சொட்டு மருந்து விட்டால் இனி மோசமாகாது. போனது போனதுதான். வண்டி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர்.

"மெதுவா ஓட்டினா?" என்று கேட்டார் இவர்.

"மெதுவா இடிப்பீங்க."

டாக்ஸியில் திரும்பினோம். டாக்ஸிக்காரர் ஏதோ குத்துப் பாட்டு வைத்திருந்தார். இவருக்கு முகம் எட்டுக் கோணலாகப் போனது, ஆனால் வாய் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. வண்டி வாங்கிய அன்றைக்கே எங்கள் வீட்டில் சட்டம் போட்டவர் அவர்தான்: ஓட்டுகிறவர் கையில்தான் பாட்டு. மற்றவர்கள் கை வைத்தால் கவனம் சிதறுமாம். அன்றிலிருந்து நானும் மகனும் குடிமக்கள்.

மார்ச் 8

மகன் கூப்பிட்டான். "போதும்மா. கடையை மூடிட்டு இங்க வந்துடுங்க. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். சும்மா கிடக்கவில்லை. ஓடாத உடற்பயிற்சி இயந்திரமும் பேரனுக்குச் சின்னதாகிப் போன தொட்டிலும் அங்கேதான் கிடக்கின்றன. மூன்றாவதாக நாங்கள்.

மருமகள் நல்லவள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தையல் மிஷின் எங்கே நிற்கும்?

மார்ச் 10

வாடகை வண்டி வைத்துப் பார்த்தோம். கர்ட்டன் கம்பியைப் பார்த்ததுமே ஓட்டுநர், "இதை மேல கட்டினா கூரை கீறும், உள்ள வச்சா சீட்டு கிழியும்" என்றார். பிறகு எங்களையும் கம்பியையும் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தோம். பின்முனையில் நான். முன்னால் போனவருக்குப் பக்கத்தில் வருவது தெரியாது என்பதால், "இடது... வலது... சைக்கிள்... நாய்" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

வாசலுக்கு வந்ததும் சொன்னேன்: "நான் ஓட்டக் கத்துக்கறேன்."

சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 12

ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில். சொல்லித் தருகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்கிறார்கள். மீசை பெரிது, பொறுமை சின்னது. உரிமம் கிடைத்தால் கடை இருக்கும். கிடைக்காவிட்டால் தொட்டிலுக்குப் பக்கத்தில் குடித்தனம். இவ்வளவுதான் கணக்கு.

மார்ச் 15

பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று இன்று தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரரும் தெரிந்துகொண்டார்.

மார்ச் 24

பிடிபட்டுவிட்டது! மாஸ்டரின் வண்டியில் இருப்பது மொத்தம் ஆறே பாட்டு. எல்லாம் அடி பின்னுகிற மேளப் பாட்டு. தினமும் அதே வரிசை. நாங்கள் போவதும் அதே சாலை. இரண்டாவது பாட்டில் மேளம் 'திடும்' என்று விழும் இடத்தில் கிளட்சை மிதித்து கியர் மாற்றினால் வெண்ணெய் மாதிரி விழுகிறது. மூன்றாவது பாட்டில் பெண் குரல் வந்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

"எப்படிம்மா திடீர்னு இவ்ளோ சுத்தமா வருது?" என்று மாஸ்டர் அசந்துபோனார்.

நான் ரகசியத்தைச் சொல்லவில்லை. என்னமோ பிறவி ஓட்டுநர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2

எழுதவே கை கூசுகிறது.

சிக்னலில் இன்று வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்க வேண்டியதாயிற்று. வண்டி நின்றது, பாட்டு நிற்கவில்லை. கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மூன்றாவது பாட்டில் பெண் குரல் வந்துவிட்டது. நானும் நம்பிக்கையாக வலது பக்கம் திரும்பினேன்.

அது தீயணைப்பு நிலையம்.

உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருந்த ஐந்து பேரும் தடதடவென்று எழுந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டையே எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்கம்மா நெருப்பு?" என்று ஓடி வந்தார்.

மாஸ்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் சொன்னேன்: "பாட்டு சீக்கிரம் வந்துடுச்சு."

அவர்களுக்குப் புரியவில்லை. மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. வீடு வரும்வரை அவர் பாட்டும் போடவில்லை, பேசவும் இல்லை. அந்த அமைதியில் வண்டியை ஏழெட்டுத் தடவை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 11

தேர்வு. ஆய்வாளர் மெலிந்த மனிதர், கழுத்தில் பட்டை போட்டிருந்தார். யாரோ என்னைப்போல ஒருத்தி போட்ட பிரேக்கில் பிசகிய கழுத்தாம். ஏறியதும் முதல் வேலையாக ரேடியோவை அணைத்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆகையால் வண்டியும் ஓடவில்லை. மனசுக்குள் பாடிப் பார்த்தேன். பதற்றத்தில் மேளமே மறந்துபோய், இத்தனை வருஷம் கேட்ட ஆறடி மண் பாட்டுதான் வந்தது. அதற்கு எங்கே கிளட்ச் மிதிப்பது?

தோல்வி. "இன்னும் ஒரு தடவை வாங்கம்மா. ஆனா, கழுத்து சரியானதும் வாங்க" என்றார்.

ஏப்ரல் 12

மகனுக்கு இவரே சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் லாரி அனுப்பட்டுமா என்று அவன் கேட்கிறான். ஒரே ஒரு தேர்வு தேதி மிச்சம் இருக்கிறது, அதுவரை பொறு என்றேன்.

ஏப்ரல் 13

எங்கள் வண்டியிலேயே பழக்கிவிடுகிறேன் என்று இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வீட்டு நர்ஸ் உரிமம் வைத்திருப்பவள். பாவம், அவளையும் துணைக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். சட்டத்தில் ஒரு திருத்தம் என்று ஆரம்பித்தார். இனிமேல் வண்டியில் பாட்டே கிடையாதாம்.

எனக்கு வந்ததே கோபம். நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். அதாவது, அதுவாகவே நின்றுவிட்டது.

"இத்தனை வருஷம் உங்க கை, உங்க பாட்டு. இப்ப என் கைக்கு வந்ததும் பாட்டே வேணாமா?"

"சரி, போடு. உனக்கு என்ன பாட்டு வேணும்? சொல்லு, போடறேன்."

யோசித்தேன். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஒண்ணும் வரல. ஒரு பாட்டு கூட வரல எனக்கு! மகனுக்குப் பிடிச்சது தெரியும், இந்த மனுஷனுக்குப் பிடிச்சது தலைகீழா தெரியும், மாஸ்டரோட ஆறு பாட்டும் தெரியும். எனக்கு என்ன பிடிக்கும்? யாராவது கேட்டாத்தானே தெரியும்.

"எனக்குத் தெரியல" என்று அழுதுவிட்டேன்.

"தெரியலன்னா என்ன அர்த்தம்? இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கலாமே?"

"நீங்க கேட்டிருக்கலாமே?"

பின்னால் நர்ஸ், "அக்கா, லாரி..." என்றாள்.

ஏப்ரல் 14

பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு உண்டு.

ஏப்ரல் 15

மிஷினில் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் இவர் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது.

"இல்லைங்க, கர்ட்டன் விஷயமா கூப்பிடல... நீங்க வண்டி ஓட்டறப்ப என்ன பாட்டு கேப்பீங்க?... ஆமாங்க, பாட்டுதான்... சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அடுத்த போன். அதற்கடுத்த போன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவரையும் விடவில்லை. வங்கி மேனேஜர் ஏதோ மோசடி என்று நினைத்து இரண்டு முறை வைத்துவிட்டாராம். மூன்றாவது முறை சொல்லியிருக்கிறார்.

நான் ஒன்றும் கேட்காதவள்போல் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மடிப்பு கோணிவிட்டது. பிரித்துத் தைத்தேன்.

ஏப்ரல் 16

காலையில் வண்டியில் ஏறியதும் ஒரு வார்த்தை பேசாமல் எதையோ போட்டார். வங்கி மேனேஜர் உபயம்: பட்டாளத்து பேண்டு. என் கால் தானாகவே அழுத்தியது. நர்ஸ் பின்னால் சாமி பெயர் சொல்ல ஆரம்பித்தாள். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பிடிச்சுதா?"

"இல்லை."

"எனக்கும்தான்."

பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 18

ஓய்வுபெற்ற நீதிபதி வண்டியில் தாலாட்டுதான் கேட்பாராம். இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதே ஆச்சரியம். எங்களுக்குக் கொட்டாவியாக வந்தது. பாதியில் நிறுத்தினோம்.

ஏப்ரல் 19

பல் டாக்டருக்குப் பாட்டே கிடையாதாம், கடல் அலைச் சத்தம்தானாம். மனசு அமைதியாகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கழிப்பறை தேட வேண்டியதாகிவிட்டது. பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். இறங்கி ஓடும்போதுதான் உறைத்தது, வண்டியை இரண்டு கோடுகளுக்கு நடுவில் கச்சிதமாக நிறுத்தியிருக்கிறேன்!

ஏப்ரல் 22

தினமும் புதுப் பாட்டு என்பதால் அடுத்து எங்கே மேளம் விழும், எங்கே குரல் வரும் என்று எனக்குத் தெரிவதில்லை. காலுக்கும் தெரிவதில்லை. அது வேறு வழியில்லாமல் சாலையைப் பார்த்து நடந்துகொள்கிறது. இன்று முழுக்க ஒருமுறைகூட வண்டி நிற்கவில்லை.

இவர் தத்துவப் பாட்டு கேட்பதையே விட்டுவிட்டார். வீட்டிலாவது போட்டுக் கேட்கலாமே என்றேன்.

"வீட்டுல கேட்டா வெறும் அழுகைதான். வண்டி ஓடினாத்தான் அது பாட்டு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரிடமிருந்து போனது கண்ணின் ஓரம் மட்டும் இல்லை. நான் என் கஷ்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஏப்ரல் 23

திரும்பி வரும்போது, "உங்க பாட்டு ஒண்ணு போடுங்க" என்றேன். நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போட்டார். நான் ஓட்டும்போது கேட்டால் அவ்வளவு மோசமில்லை. அவரிடம் இதைச் சொல்லமாட்டேன். சொன்னால் மறுபடி ஆறடி மண்ணில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

ஏப்ரல் 25

இன்றைக்கு அழகு நிலையத்து அம்மா சொன்ன பாட்டு. எந்த நாட்டு மொழி என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை. பின்னால் ஒரு ஆர்மோனியம் மாதிரி ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பொம்பளை பாடுகிறாள். வயதான, கரகரத்த குரல். முதலில் முணுமுணுப்பு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. என்ன சொல்கிறாள் என்று தெரியாது, ஆனால் யாரையோ நிற்க வைத்துத் திட்டுகிறாள் என்பது மட்டும் நிச்சயம். திட்டித் திட்டி, மூச்சு வாங்கி, ஒரு இடத்தில் சிரித்துவிடுகிறாள். சிரித்துவிட்டு மறுபடி திட்டுகிறாள்.

எத்தனை தெரு போனேன் என்றே தெரியவில்லை. ஒரு ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றினேன், வேண்டுமென்றேதான்.

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். முழுசாகத் திரும்பினால்தான் நான் அவருக்குத் தெரிவேன்.

"இதுதானா?"

"இதுதான்."

"ஆண்டவா" என்றார்.

ஏப்ரல் 28

தேர்வு. அதே ஆய்வாளர், கழுத்தில் பட்டை இல்லை. ஏறியதும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரேடியோவை அணைச்சிடறேன்மா" என்றார் பயந்துகொண்டே.

"அணைங்க" என்றேன்.

பாஸ்.

ஏப்ரல் 29

மகனிடம் லாரி வேண்டாம் என்றேன். "அப்ப அந்த ரூமை என்னம்மா பண்றது?" என்கிறான். ஜன்னல் அளவைச் சொல்லு, நல்ல கர்ட்டனாகத் தைத்து அனுப்புகிறேன் என்றேன்.

மே 6

இன்று முதல் தடவையாகத் தனியாகப் போனேன். மலையடிவார விடுதிக்கு இரண்டு மூட்டை கர்ட்டன் கொடுத்துவிட்டு வர வேண்டும். மாட்டுவது அடுத்த வாரம்தான். நானும் வருகிறேன் என்றார். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு வெயிலில் வர வேண்டாம் என்றேன். பிரேக்கைப் பார், கண்ணாடியைப் பார், பாலத்தில் முந்தாதே என்று கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

போகும்போது பயத்தில் பாட்டே போடவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் திட்டுகிறவளைப் போட்டேன். ஜன்னலை இறக்கிவிட்டு நானும் சேர்ந்து திட்டினேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பொதுவாகத்தான். சாலையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் இன்னும் சிரிக்கிற இடத்துக்கு வரவில்லை. அணைக்க மனசு வரவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இவர் வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"வீடு வந்தாச்சு. இறங்கலையா?"

"பாட்டு முடியல."

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"தெரியாது. இன்னிக்கு நிறையத் திட்டறா."

பிறகு சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.