பலகையின் மூன்றாவது வரி

கொடகவெல,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அம்மா எழுதுவது. கட்டாரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நாங்கள் சுகம், அப்பாவுக்கு மட்டும் மழை பெய்தால் முழங்கால் குத்துகிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து வேணாம்மா விடுங்க என்பாய், அதனால்தான் கடிதம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை கட்டி, போன வாரம் திறப்பு விழா வைத்தார்கள். விழாவுக்கு முதல் நாள் பெயர்ப்பலகை வந்தது, சிங்களத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி, தமிழே இல்லை. படிக்கிறது முழுக்க நம்ம பிள்ளைகள். பெற்றோர் சங்கத்தில் இருக்கிறேனே, போய்க் கேட்டேன். அதிபர் இருளப்பன் சேர், பிரச்சினை வேணாம் அக்கா என்று தலை குனிந்துகொண்டார். பலகை கொண்டுவந்த கல்வி ஆபீஸ் அதிகாரி மாத்தயா சிரித்துக்கொண்டே, அது இங்கிலீஷ் சாமான், உங்க பாஷையில அதுக்கு ஏது வார்த்தை என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லீவில் வந்தபோது நீ சொன்னதை நானும் சிங்களத்திலேயே சொன்னேன். மெஷின் வருவதற்கு முந்தியே கம்ப்யூட்டர் என்கிற வார்த்தை இருந்தது, உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதர்களைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள், அதில் எத்தனையோ பேர் பொம்பளைகள், பிறகுதான் வேலையோடு பேரையும் மெஷினுக்குக் கொடுத்தார்கள், இங்கிலீஷ்காரன் மனுசன் பேரைத் தூக்கி மெஷினுக்கு வைக்கலாம், நாங்க கணிக்கிறதுக்கு ஒரு பேர் வைக்கக் கூடாதா என்றேன். கடைசி வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னேன், கணினி, எழுதுங்க என்று. நேரமில்லை என்று போய்விட்டார்.

நாங்களும் விடவில்லை. விடிந்ததும் விழாவுக்குப் பாற்சோறு சமைக்க வேண்டிய அம்மாமார் யாரும் அடுப்பைப் பற்ற வைக்காமல் அந்த அறை வாசலில் உட்கார்ந்துவிட்டோம். விருந்தாளிகள் வருகிற நேரம், சேருக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அவரே பஜாரில் போர்டு எழுதும் மர்சூக்கைக் கூட்டி வந்தார். கணனியா கணினியா என்று மர்சூக் கேட்க, அங்கேயும் எங்களுக்குள் ஒரு சண்டை, கணினிதான் ஜெயித்தது. பெயின்ட் காயுமுன்னே ரிப்பன் வெட்டினார்கள். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இருக்கட்டும்.

இப்போது அந்த மாத்தயா, நான் விழாவைக் குழப்பினேனாம், மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொல்கிறார், இல்லாவிட்டால் சங்கத்திலிருந்து நீக்குவாராம். அப்பாவும் எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு புள்ள என்கிறார். நீக்கட்டும். இந்த வாரம் நான் எழுதுகிற கடிதம் இது ஒன்றுதான்.

தலை நிமிர்ந்து நடக்கிற வாழ்வு உனக்குக் கிடைக்கட்டும் மகள். ராத்திரியில் பட்டினியாகப் படுக்காதே. கடிதம் கிடைத்ததும் போன் எடு, ஆனால் என் மனதை மாற்றப் பார்க்காதே.

உன் அம்மா
புஷ்பம்