ஊசிக்கு மூன்றாம் இடம் கிடையாது

மே 5, திங்கள்

காலையிலேயே வெயில். கோயில் ஹாலில் மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை.

பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை, இரண்டு வாரம் லீவு. நான் வீட்டில் சும்மா இருப்பதை பங்கு ஃபாதரிடம் யார் சொன்னார்களோ. "லீவுல பிள்ளைங்களுக்குக் கைத்தையல் சொல்லிக்குடுங்க ஜெசிந்தா" என்றார். பத்தாவது படிக்கும் பிள்ளைகள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். வந்தது ஒன்பது பேர். ஆறு வயதிலிருந்து எட்டு.

கையிருப்பு: முனை மழுங்கிய கம்பளி ஊசி 10 (அவர்களுக்கு 9, எனக்கு 1). முனை உருண்ட கத்தரி 3. கட்டம் போட்ட துணித் துண்டுகள். ஊசி குத்தி வைக்கக் குட்டிப் பஞ்சு மெத்தை 1. பிளாஸ்திரி ஒரு பெட்டி. நோட்டு 1.

நோட்டு முக்கியம். கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் மொத்தத் தையல் லைனும் நிற்கும். தைப்பது கைக்குழந்தை பனியன், வேறு என்ன செய்ய. பத்தொன்பது வருஷம் சூப்பர்வைசர் நான். என் லைனில் தொலைந்த ஊசி பூஜ்யம். இதை நான் அடிக்கடி சொல்வதாக என் வீட்டுக்காரர் அந்தோணி சொல்கிறார். அடிக்கடி எல்லாம் இல்லை.

போர்டில் எழுதியது:
1. ஊசியை வாயில் வைக்கக் கூடாது.
2. ஊசியோடு நடக்கக் கூடாது.
3. ஊசி கையில் இருக்கும்போது கையை ஆட்டிப் பேசக் கூடாது.
4. ஊசி கையில் இருக்கும், இல்லாவிட்டால் பஞ்சு மெத்தையில் இருக்கும். மூன்றாம் இடம் கிடையாது.

இன்று ஊசி தரவில்லை. ஓட்டை போட்ட அட்டையும் ஷூ லேசும். எல்லா முகமும் தொங்கிவிட்டது. கவின் (ஏழு வயது, முன்பல் இல்லை): "ஊசி எப்பத் தருவீங்க டீச்சர்?" பார்க்கலாம் என்றேன்.

நோட்டு எழுத ஆள் வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் மித்ரா கையைத் தூக்கியாகிவிட்டது. எட்டு வயது. எங்கள் கம்பெனி ஆடிட்டர்கூட இப்படி முறைத்துப் பார்த்ததில்லை.

அந்தோணி: "ஏனம்மணி, தையல் சொல்லிக்குடுக்கப் போனயா, கம்பெனி நடத்தப் போனயா?" தறி மெக்கானிக்குக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும்.

மே 6, செவ்வாய்

ஊசி கொடுத்தாயிற்று. பத்து போனது, பத்து வந்தது. மித்ரா எழுதினாள், நான் கையெழுத்து.

ஓட்டுத் தையல். கவின் அருமையாக, நேராகப் பதினாறு தையல் போட்டான். எழுந்தான். துணியும் எழுந்தது. டவுசரோடு சேர்த்துத் தைத்திருக்கிறான். இன்னும் மூன்று பேர் அதே. பாவாடையோடு ஒன்று, சட்டையோடு ஒன்று, பக்கத்துப் பிள்ளையின் துப்பட்டாவோடு ஒன்று.

மடியில் வைத்துத் தைத்தால் இப்படித்தான். மடியில் ஒரு தட்டு வைத்தால் தீர்ந்தது. நாளைக்கு எல்லோரும் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

மே 7, புதன்

தட்டு வந்தது. இரண்டு பேர் டம்ளரும் கொண்டுவந்தார்கள். கவினின் அம்மா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "மதியச் சோறு உண்டுங்களா? அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாதுங்க" என்றார்.

ஒரு குட்டிக்கு விரலில் ஊசி பட்டது. மழுங்கல் ஊசி, ரத்தமே இல்லை. ஆனாலும் அழுகை, ஆனாலும் பிளாஸ்திரி. அதைப் பார்த்ததும் மீதி எட்டுப் பேருக்கும் விரல் வலித்தது. பெட்டி காலி.

மித்ரா: "டீச்சர், ஊசியத் தொலைச்சா என்னங்க தண்டனை?"
"அடுத்த நாள் ஊசி கிடையாது. அட்டையும் ஷூ லேசுந்தான்."
"ஆரா இருந்தாலுமுங்களா?"
"ஆரா இருந்தாலும்."
அதையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

போகும்போது கவின், "ஊசிய ஊட்டுக்குக் கொண்டு போயி அம்மாகிட்டக் காட்டிப்போட்டுக் கொண்டாரட்டுங்களா?" கூடாது என்றேன். இவன் மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

மே 8, வியாழன்

சாயங்காலம் மழை. பட்டன் பாடம். பத்துக்குப் பத்து. கால் வலி.

மே 9, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டு மணி. மித்ரா எண்ணினாள். ஒன்பது. நான் எண்ணினேன். ஒன்பது. மெத்தையைப் பிய்த்துப் பார்த்தோம். ஒன்பதுதான்.

வாசல் கதவைச் சாத்தினேன். யாரும் வெளியே போகக் கூடாது, தட்டோடு அப்படியே உட்கார வேண்டும். அழைத்துப் போக வந்த அம்மாக்கள் ஜன்னலில் வரிசையாக நின்றார்கள். கவினின் அம்மா: "ஏனுங்க, ஒரு ஊசிக்கு இத்தன அக்கப்போருங்களா? நான் ஒரு பாக்கெட்டே வாங்கித் தாரனுங்க."
"வாங்கறது பெருசில்லீங்க. அது எங்கிருக்குதுன்னு தெரியோணுமுங்க."

சத்தம் கேட்டு ஃபாதர் வந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாளைக் காலை இதே ஹாலில் தாய்மார் கூட்டம். பாய் விரித்து, கைக்குழந்தைகளைத் தவழ விடுவார்கள். கையில் கிடைத்ததை வாயில் போடும் வயசு. "ஊசி கெடைக்கலீன்னா கூட்டத்தத் தள்ளி வெச்சுக்கறேன். ஆனா, இந்தக் கிளாஸ் இனி வேண்டாமுங்க." ஒன்பது முகமும் என்னைப் பார்த்தன.

அப்போதுதான் அதைச் செய்தேன். கவினைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், அவன் அம்மா ஜன்னலில் நிற்கும்போதே, டவுசர் பையைக் கவிழ்க்கச் சொன்னேன். பாதி தின்ற புளி மிட்டாய், கோலிக்குண்டு இரண்டு, ஒரு பட்டன். ஊசி இல்லை. "நான் எடுக்கலீங்க டீச்சர்" என்றான். அழவில்லை, உதடு மட்டும் நடுங்கியது. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

அந்தோணிக்குப் போன் போட்டேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு தறிக் குடோனிலிருந்து நேராக வந்தார். ஹால் முழுக்க அதை இழுக்கிற வேலையைக் கவினுக்குத்தான் கொடுத்தார், என்னைக் கேட்காமல். கிடைத்தவை: ஸ்டேப்ளர் பின் 7, கொண்டை ஊசி 2, ஆணி 1, யாருடையதோ ஒரு சாவி.

கடைசி மூலை முடித்து, "ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்று காந்தத்தைத் தூக்கிக் காட்டினான். நான் குனிந்தேன். டிக். காந்தம் என் தாலிச் சங்கிலியில் ஒட்டிக்கொண்டது. சங்கிலியில் நான் மாட்டி வைத்திருக்கும் மூன்று ஊக்குகள். ஜன்னலில் சிரிப்பு. ஊக்குகளைக் கழற்றித் தட்டில் போட்டேன். கவின் காந்தத்தைத் திரும்ப இழுக்கும்போது என் தோளைத் தாண்டியது. மறுபடி டிக்.

இடது தோள், சேலை மடிப்புக்குள். வெள்ளை நூலோடு. என் ஊசி.

பதினோரு மணிக்குக் கவினின் நூல் சிக்கலைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஊசியைத் தோளில் குத்திக்கொண்டேன். கம்பெனியில் யூனிபார்ம் கோட்டு, அதில் யாரையும் ஊசி குத்த விடமாட்டேன். இங்கே சேலை. கை தன் பாட்டுக்குப் போயிருக்கிறது.

அந்தோணி, "பத்தொம்பது வருசம்" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். மித்ரா நோட்டைத் திறந்தாள். தொலைத்தவர் என்று எழுதி, பக்கத்தில் என் பேரை எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

ஃபாதர் சிரித்துவிட்டார், கிளாஸ் நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் உதடு கண்ணிலேயே நிற்கிறது. மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பதற்குள் அவன் அம்மா ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை அனுப்புவாரா?

மே 12, திங்கள்

மூட்டம். கவின் வந்தான். தட்டோடு.

எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "கவினு, உன்ற மேல சந்தேகப்பட்டது என்ற தப்பு கண்ணு. மன்னிச்சுக்கோ." அவன் காதைச் சொறிந்தான். "சரீங்க டீச்சர்." பிறகு, "அந்த மிட்டாயக் குடுக்கவே இல்லீங்க நீங்க." நாளைக்கு வாங்க வேண்டும்: புளி மிட்டாய், ஒரு பாக்கெட்.

மித்ரா ஊசி கொடுத்தாள். ஒன்பது பேருக்கு. எனக்கு அட்டை, ஷூ லேஸ். ஒரு மணி நேரம் பாயில் உட்கார்ந்து லேசு கோத்தேன். ஆறு வயசுக் குட்டி ஒன்று எட்டிப் பார்த்து, "கோணலா இருக்குதுங்க" என்றது. கோணல்தான்.

"நாளைக்கு எனக்கு ஊசி உண்டுங்களா அம்மணி?"
மித்ரா: "பாக்கலாமுங்க டீச்சர்."

என் ஊசி மெத்தையிலேயே இருந்தது; அதையும் சேர்த்துப் பத்துக்குப் பத்து. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கவின் குறுக்கே நின்றான். கையில் அந்தோணியின் காந்தம்.

"கொஞ்சம் குனியுங்க டீச்சர்."

குனிந்தேன். இடது தோள், வலது தோள், பை. பொறுமையாகப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "ஒண்ணுமில்ல மித்ரா, எழுதிக்கோ" என்றான். எனக்கு வழி விட்டான்.