எல்லைக் கல்லில் சாத்திய கிளை

செவ்வாய், 10 ஆகஸ்ட் 1982

காலையில் தூறல். பிறகு வெயில். பிறகு மறுபடியும் தூறல். இந்த மலைக்கு இதே வேலை.

மேலே உள்ள தேதி நான் எழுதியது. காலண்டரைப் பார்த்துத்தான், ஆனாலும் நானே. கோயில் மண்டபத்தில் நான் எழுத்துப் படிக்கும் மாலை வகுப்பில் வாத்தியார் சொன்னார்: "பெரியவரே, தெனம் நாலு வரி எழுதுங்க. மனசுல வர்றத எழுதுங்க." மனசில் நிறைய வருகிறது. கைதான் மாட்டு வண்டி. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆறட்டும். இந்த வயதில் என் வலது முட்டி வலிப்பதைத் தாளில் எழுதிவிட்டேன். முட்டி. மறுபடியும் எழுதினேன். அழகாக இருக்கிறது.

மகள் பாக்கியம் வேலை முடிந்து வந்தாள். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கினாள், தண்ணீர் குடித்தாள், மலைப் பக்கம் ஓடிப் போனாள். வரும் ஞாயிறு ஓட்டப் பந்தயம். நம் தோட்டத்து எல்லையிலிருந்து காட்டுக்குள் ஏறி, மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் கியா பார்ம் ஊரில் இறங்க வேண்டும். டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். நம் தோட்டத்தில் இவள் ஒருத்திதான்.

பாக்கியம் என்று எழுத நேரம் பிடிக்கிறது. இனி பா.

புதன்

வெயில். துணி காய்ந்தது.

குழாயடியில் பக்கத்து வீட்டு ராக்கம்மா பா.வைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு நாளு மலையில ஏறி எறங்குறது பத்தலயாடி? லீவு நாள்லயும் ஏறணுமா?"

பா.: "ஆறு நாளு கூடையோட ஏறுறேன் அத்தே. ஒரு நாளு கூடை இல்லாம ஏறிப் பாக்குறேன்லா."

"பொண்ணு பாக்க வந்தாங்கன்னா அன்னிக்கும் ஓடிருவா இவ."

"மாப்பிள்ள பின்னாலயே ஓடியாரட்டும். பிடிச்சா கட்டிக்கிறேன்."

குழாயடி முழுக்கச் சிரிப்பு. ராக்கம்மாவுக்கும்.

சாப்பிடும்போது கேட்டேன், எதுக்கும்மா இந்த ஓட்டம் என்று. "அந்தக் காட்டுக்குள்ள ஓடுறப்ப யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்கப்பா. கங்காணி கூப்பிட மாட்டாரு, ஆபீஸ் கிராணி கூப்பிட மாட்டாரு. மூச்சுச் சத்தம் மட்டுந்தான்."

எனக்குப் பாதி புரிந்தது.

வெள்ளி

மழை. நேற்று எழுதவில்லை. பென்சில் கூர் உடைந்தது.

கம்போங் ராஜா கடைத்தெருவில் பா.வுக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து வாங்கினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தாள், மண் படக் கூடாதாம். அதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுச் சேற்றில் ஓடப் போகிறாள்! சொன்னேன். "அது வேற சேறுப்பா" என்றாள்.

சனி

மூட்டம். காற்று.

பா.வுக்குத் தெரியாமல் எல்லைக் கல்லுக்குப் போய் வந்தேன். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டி சாமிக்கு ஒரு கல். காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு கொப்பு ஒடித்துக் கல்லில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். காடு வெட்டும் வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் போட்டேன். விரல் நீளம் போதும், சாமி அளவு பார்க்காது என்று பா.விடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இன்று கேட்டது பெரிய காரியம். அதனால் பெரிய கிளையாக, நல்ல பச்சையாக, ஆள் உயரத்துக்கு வெட்டினேன். கல்லில் சாத்தி வைத்தேன். முட்டி வழியெல்லாம் திட்டியது.

கல்லுக்குப் பக்கத்தில்தான் வழி பிரிகிறது. இடது பக்கம் மலை ஏறும் வழி. பந்தயத்துக்காக மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். வலது பக்கம் கோலா தெர்லா ஊரைப் பார்த்து ஓடைக்கு இறங்கும் பழைய வழி. இப்போது யாரும் போவதில்லை.

சந்தோஷமாக வந்து படுத்தேன்.

ஞாயிறு

விடியும்போது கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். பா. இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை.

கங்காணி சின்னையா என்னைத் தன் மோட்டர் சைக்கிளில் ஏற்றி கியா பார்முக்குக் கொண்டுபோனார். ஸ்ட்ராபெரி கடை ஓரத்தில் நின்றோம். முதலில் பட்டாளத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு டவுன் பையன்கள். பிறகு நடந்து வருகிறவர்கள், நொண்டி வருகிறவர்கள். அத்தனை பேருக்கும் கை தட்டினேன். பிறகு யாரும் வரவில்லை. பந்தயக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

பா. வரவில்லை.

கம்போங் ராஜாக்காரன் ஒருவன் சப்பாத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டே கூட்டாளியிடம் சொன்னான்: "அந்தச் சாமி கல்லுக்கிட்ட எவனோ பெரிய கிளைய ஏறுற வழிக்குக் குறுக்கப் போட்டு வச்சிருக்கான்டா. துணி கட்டுனதே தெரியல. எல்லாரும் தாவிக் குதிச்சு வந்தோம்."

நான் சாத்தி வைத்த கிளை.

ராத்திரிக் காற்றில் விழுந்திருக்கிறது. காடு வெட்டுகிற எங்களுக்கு ஒரு வழக்கம். முன்னால் மண் சரிந்தால், மரம் சாய்ந்தால், பச்சைக் கிளையை வழிக்குக் குறுக்கே போடுவோம். இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். சின்ன வயதில் எனக்குச் சோறு கொண்டுவந்த பா.வுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் தாவிவிட்டார்கள். அவளுக்குத் தெரியும்.

கங்காணியிடம் ஓடினேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது. "எம் பொண்ணு மலை ஏறல. ஓடைப் பக்கம் எறங்கிட்டா."

"ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அந்தக் கிளைய வச்சது நான்."

அவர் மோட்டரைக் கிளப்பினார். பின்னால் ஏறப் போனேன். "நீங்க வேணாம்ணே. அப்பறம் ஒங்களையும் தேடணும்."

சரிதான். கிடைத்த வண்டியில் வீடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மழை பிடித்துவிட்டது.

திங்கள்

மழை விடவில்லை. இன்னும் கிடைக்கவில்லை.

வேலைக்குப் போகாமல் ஆண்கள் எல்லாம் காட்டில். வாசல் வரை போகிறேன், திரும்புகிறேன். ராக்கம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும்.

ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும்.

எழுதுவதில் இன்று ருசி இல்லை. ஆனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது.

பாக்கியம். பாக்கியம். பாக்கியம்.

பிற்பகல். கிடைத்துவிட்டாள். உயிரோடு. ஓடைக்கு மேலே பாறை ஓரத்தில் இருந்தாளாம், கால் ஒடிந்து. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் லோரியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். என்னை இன்றைக்கு வர வேண்டாம் என்கிறார்கள்.

ராக்கம்மா சத்தம் போட்டு அழுகிறாள். நான் அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

புதன்

வெயில். ஆஸ்பத்திரி.

இடது கால் முழுக்க மாவுக் கட்டு. முகத்தில் கீறல். சப்பாத்து கட்டிலுக்கு அடியில், ஒன்று மட்டும்.

அவளே ஆரம்பித்தாள். "கிளை குறுக்க கெடந்துச்சுப்பா. வெட்டுன வாய் புதுசா இருந்துச்சு. நம்ம ஆளுங்க யாரோ மண்ணு சரிஞ்சதப் பாத்துட்டுப் போட்டிருக்காங்கன்னு நெனைச்சேன். பழைய வழியா சுத்திப் போயிரலாம்னு..."

"நான்தாம்மா வச்சேன். சாமிக்கு. ஒனக்காக."

என்னையே பார்த்தாள். "வெரல் நீளம் போதும்னு நீங்கதான சொல்லுவீங்க."

"பெருசா வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"வழியில ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. என் கையை மட்டும் விடவில்லை.

நடக்கலாம் என்கிறார் டாக்டர். ஓடுவது பற்றிக் கேட்டாள். பார்க்கலாம் என்றார். அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள், "ஓடுவேனாப்பா?"



ஞாயிறு, 22 ஆகஸ்ட்

மூட்டம். காற்று இல்லை.

எல்லைக் கல்லுக்குப் போனேன். பா.வின் காலுக்காகக் கேட்க வேண்டும். தேடப் போனவர்கள் அந்தக் கிளையை ஓரத்தில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இலை இன்னும் முழுதாக வாடவில்லை.

வழியெல்லாம் கொப்புகள். பழக்கத்தில் கை நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

கல்லுக்கு முன்னால் நின்றேன். ஒன்றும் கொடுக்காமல் எப்படிக் கேட்பது? இதுவரை அப்படிக் கேட்டதில்லை. கேட்காமலும் திரும்ப முடியவில்லை. தூறல் வந்தது. வெறும் கையோடு நின்றேன்.