கடைசியில் நிற்பவள்

12-1-1965, செவ்வாய், இரவு

எவனும் நம்பமாட்டான்; ஆனாலும் செஞ்சியின் மூன்று மலைகள்மீதும் சத்தியம் செய்து எழுதுகிறேன். இன்று தொண்டூர்க் களத்தில் பத்தாயிரம் பெண்கள் படையாக நின்றார்கள். மல்லாட்டை பறித்ததற்குக் கூலியாகக் கடலையை அளந்து வாங்கியவர்கள்கூட வீட்டுக்குப் போகவில்லை.

"இன்னாங்கடி, கோட்டையப் புடிக்கப் போறீங்களா?" என்றேன்.

அக்கா மகள் கஸ்தூரி சிரிக்கவில்லை. "கடைசியா அளக்கறவள மேஸ்திரி கொட்டாய்க்குள்ள இழுத்துடறான் மாமா. அதான் யாரும் போவல."

"பெரியவங்ககிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா அவளுக்குத்தான் கல்யாணம் நின்னு பூடும். அவனுக்கு இன்னா?"

எத்தனை அறுவடையாக இப்படி நிற்கிறார்களோ? நானும் நின்றேன்.

பத்தாயிரம் என்பது என் புளுகு. பத்துப் பேர் இருந்திருப்பார்கள். இன்று கடைசியாக அளக்க வேண்டியவள் கஸ்தூரி. அந்தச் சின்ன விஷயம் நிஜம்.